ஈராசிரியர் பள்ளி, கையில 15,000 ரூபாய்: என்ன டிஎல்எம் (கற்றல் கற்பித்தல் பொருள்) வாங்கலாம்?

கெடிலக்கரை (கடலூர்)

வணக்கம். நெல்லிக்குப்பம் பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஹெச்.எம். ஒருத்தர், நான் ஒருத்தி. ஒண்ணுலேருந்து அஞ்சு வரைக்கும் சேர்த்தே 34 பிள்ளைங்கதான். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு மூணு வகுப்பும் ஒரே ரூம்ல என்கிட்ட, 20 பேர். நாலு, அஞ்சு ஹெச்.எம்.கிட்ட.

எங்க பள்ளியில படிச்சு இப்போ சிங்கப்பூர்ல இருக்கிற ஒருத்தர் 15,000 ரூபாய் கொடுத்திருக்கார். "ஃபேன், பெயின்ட்னு போட்டுடாதீங்க டீச்சர், பசங்க கையில எடுத்துப் புழங்குற மாதிரி வாங்குங்க"ங்கிறது மட்டும்தான் கண்டிஷன். விஷயம் எப்படித்தான் தெரிஞ்சுதோ, ஒரு ஏஜென்ட் கேட்லாகோட வந்துட்டார். 14,500க்கு ஒரே பெட்டி. மணிச்சட்டம் 1, மரக் கடிகாரம் 1, டீன்ஸ் கட்டை (ஒன்று, பத்து, நூறு, ஆயிரம்னு அளவு காட்டுற கட்டைங்க) 1 செட், பின்ன வட்டம் 1 செட், தமிழ் காந்த எழுத்து 30, ஆங்கில எழுத்து 26, உலக உருண்டை 1, மனித உடல் மாடல் 1, வடிவங்கள் 1 செட், மிச்சத்துக்குப் புதிர் அட்டைங்க.

ஹெச்.எம்.முக்குப் பிடிச்சுப்போச்சு. ஒரே பில், ஒரே தீர்மானம், வேலை முடிஞ்சுது. எனக்குத்தான் மனசு ஒப்பல. எஸ்எம்சி (பள்ளி மேலாண்மைக் குழு) கூட்டத்துக்குள்ள வேற லிஸ்ட் கொடுத்தா பார்க்கலாம்னு சொல்லியிருக்கார். நீங்களா இருந்தா என்ன வாங்குவீங்க?

வில்லியனூரான் (புதுச்சேரி)

டீச்சர், அந்த லிஸ்ட்ல எல்லாத்துக்கும் பக்கத்துல "1"ன்னு இருக்கே, அதுதான் கோளாறு. 20 பிள்ளைக்கு ஒரு மணிச்சட்டம்னா ஒருத்தன் நகர்த்துவான், 19 பேர் வேடிக்கை பார்ப்பாங்க. அதுக்குக் கரும்பலகையில வட்டம் போட்டுக் காட்டினாலே போதும், 14,500 எதுக்கு?

நான் பாண்டியில அரசு தொடக்கப் பள்ளி. நாங்க சிபிஎஸ்இக்கு மாறியாச்சு, என்சிஇஆர்டி புத்தகம். ஒண்ணாம் ரெண்டாம் வகுப்புக் கணக்கு முழுக்க எண்ணு, கூட்டு, அடுக்குன்னுதான் வருது. 2023 பிப்ரவரியில ஒன்றிய அரசு 3லேருந்து 8 வயசுப் பிள்ளைங்களுக்குன்னு "ஜாதுயி பிட்டாரா"ன்னு ஒண்ணு வெளியிட்டாங்களே, பொம்மை, அட்டை, கைப்பாவைன்னு நிறைய. யோசனை எல்லாம் நல்ல யோசனைதான். அங்கேயும் அதே கேள்வி: ஒரே நேரத்துல எத்தனை கை அதைத் தொடும்?

என் கணக்கு: ரெண்டு பேருக்கு ஒரு செட். அது முடியலைன்னா அந்தப் பொருளே வேணாம். பத்து வகை ஒண்ணொண்ணு வாங்குறதுக்கு ரெண்டு வகை பத்துப்பத்து வாங்குங்க.

ஒண்ணு மட்டும் வாங்கலாம்னா கணிதமாலை. 100 மணி, பத்துப் பத்தா ரெண்டு நிறம் மாறி மாறி. சுவருக்குச் சுவர் கொடி மாதிரி கட்டிட்டா எல்லாருக்கும் தெரியும். 47 எங்கேன்னு கேட்டா நாலு பத்தைத் தாண்டி ஏழு எண்ணி கிளிப் மாட்டுவான். கடையில தேடாதீங்க, மணியும் நரம்பும் வாங்கி நீங்களே கோத்துடலாம்.

சாக்பீஸ் (விருத்தாசலம்)

எல்லாரும் கோபப்படாம கேளுங்க. 15 வருஷமா பார்க்கிறேன், டிஎல்எம் வாங்குறோம், செய்றோம், கண்காட்சி வெக்கிறோம், போட்டோ எடுக்கிறோம், பீரோல வெச்சுப் பூட்டுறோம். ஒரு பீரியட் 40 நிமிஷம். பொருளைக் கொடுக்க பத்து நிமிஷம், சண்டையைத் தீர்க்க அஞ்சு, திருப்பி வாங்கி எண்ணப் பத்து. நடுவுல எமிஸ் ஆப்ல பள்ளி விவரம் ஏத்துற வேலை. மிச்சம் எவ்வளவு?

இன்னொண்ணு. குச்சியை வெச்சுக் கழிக்கத் தெரிஞ்ச பையன் நோட்ல கழிக்கிறதில்ல. குச்சி வேற, கணக்கு வேறன்னு நினைச்சுக்கிறான். பரீட்சையில குச்சி கிடையாது. அந்தக் காசுக்கு நல்ல பயிற்சித்தாளா அச்சடிங்க.

பழைய பிஆர்டிஇ (வடலூர்)

சாக்பீஸ் தம்பி சொல்வதைப் புறந்தள்ள முடியாது. ஆனால் முடிவை ஏற்கவில்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளவும்.

செயல்வழிக் கற்றல் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08-இல் மாநிலம் முழுவதும் வந்தது. ஆந்திராவின் ரிஷிவேலி பள்ளியின் முறையைப் பார்த்து நம் ஊருக்கு ஏற்ப மாற்றினார்கள். எதற்குப் பின் எதைக் கற்பது என்று காட்டும் ஏணிப்படி, படம் போட்ட அட்டைகள், தட்டுகள், பிள்ளைகள் தாங்களே எழுதும் கீழ்மட்டக் கரும்பலகை. தரையில் பாய் விரித்து ஆசிரியரும் உட்கார்ந்தார் என்பதே அன்று பெரிய மாற்றம். பிஆர்டிஇ-யாக, அதாவது வட்டார வளமைய ஆசிரியர் பயிற்றுநராக, பயிற்சி கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

பல பள்ளிகளில் அது எங்கே நொடித்தது தெரியுமா? அட்டை தொலைந்ததில். ஏணியில் ஒவ்வொரு படிக்கும் குறிப்பிட்ட அட்டை வேண்டும். ஒன்று காணாமல் போனால் அந்தப் படி அறுந்துவிடும். மழைக்காலத்தில் நம் கடலோரக் காற்றுக்கு அட்டை ஊறி, ஒட்டியது பிரிந்து, ஓரம் சுருண்டுவிடும். பதிலுக்குப் புது அட்டை வரும்வரை ஆசிரியர் கரும்பலகைக்குத் திரும்பிவிடுவார், அப்புறம் அங்கேயே இருந்துவிடுவார்.

ஆகவே நான் முதலில் பார்ப்பது விலையையோ அழகையோ அல்ல. நாலு துண்டு தொலைந்தாலும் அந்தப் பொருள் பயன்படுமா? புதிர்ப்படத்தில் ஒரு துண்டு போனால் முழுவதும் குப்பை. ஐஸ் குச்சியில் இருபது போனாலும் மற்றதை வைத்து வகுப்பு நடக்கும். ஏஜென்ட் கொண்டுவந்த பெட்டியில் பாதிக்கு மேல் முதல் வகை.

அடுத்து, டீன்ஸ் கட்டை. கடையில் கிடைக்கும் வழக்கமான செட்டில் 121 துண்டு: ஒன்று 100, பத்து 10, நூறு 10, ஆயிரம் 1. கேட்க நிறைய. 45-உடன் 38-ஐக் கூட்டச் சொல்லுங்கள். நாலும் மூன்றும் ஏழு பத்துக்கட்டை, ஒன்றுகள் பதின்மூன்று, அதில் பத்தைக் கொடுத்து இன்னொரு பத்துக்கட்டை. ஒரே ஜோடிக்கு எட்டுப் பத்துக்கட்டை போய்விட்டது. மீதி இரண்டு. அடுத்த ஜோடி என்ன செய்யும்? ஒரு செட் என்பது உண்மையில் ஒரு ஜோடிக்கான செட். பத்து ஜோடிக்குப் பத்து செட் வாங்கினால் டீச்சரின் பணம் அதிலேயே தீர்ந்துவிடும்.

அதற்குப் பதில் ஐஸ் குச்சியைப் பத்துப்பத்தாகக் கட்டிய குச்சிக்கட்டு போதும் என்பேன். விலை குறைவு என்பதற்காக மட்டும் நான் அதைச் சொல்லவில்லை. பத்துக்கட்டை தொழிற்சாலையிலேயே பத்தாக வருகிறது, பிள்ளை அதை உடைக்க முடியாது, மாற்றித்தான் வாங்க வேண்டும். குச்சிக்கட்டைப் பிள்ளையே எண்ணிக் கட்டுகிறது, பிள்ளையே அவிழ்க்கிறது. முதல் இரண்டு வகுப்பில் இந்த வேறுபாடு பெரிது. மூன்றாம் வகுப்பில் நூறு வந்தபின் கட்டை வாங்கலாம், அப்போது ஆயிரத்தின் பருமனைக் கண்ணால் பார்க்க அது உதவும்.

"குச்சி வேறு, கணக்கு வேறு" என்ற குறைக்கு: குச்சியிலிருந்து நேராக எண்ணுக்குத் தாவினால் அப்படித்தான் ஆகும். நடுவில் படம் வேண்டும். அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960-களிலேயே செயல், படம், குறியீடு என்று மூன்று படியாக இதைச் சொல்லியிருக்கிறார். நம் வகுப்பில் அதற்குக் கோடும் புள்ளியும் போதும். கட்டுக்கு ஒரு கோடு, உதிரிக்கு ஒரு புள்ளி.

கெடிலக்கரை

சார், ரொம்ப நன்றி. அந்த 121 கணக்கை நான் யோசிக்கவே இல்ல. ஏஜென்ட்கிட்ட கேட்டா "டெமோ பண்ணத்தானே டீச்சர்"ங்கிறார்.

@சாக்பீஸ் சார், போன வாரம் எங்க ரூம்ல நடந்ததைச் சொல்றேன். ரெண்டாம் வகுப்புப் பொண்ணு, 42லேருந்து 17 கழிக்கணும். நோட்ல எப்பவும் 35ன்னுதான் போடுவா. ஏழுலேருந்து ரெண்டு போனா அஞ்சு, நாலுலேருந்து ஒண்ணு போனா மூணு. எந்த எண் மேல இருக்கு, எது கீழே இருக்குங்கிற கவலையே கிடையாது. பென்சில் டப்பாவுல இருந்த ஐஸ் குச்சியைக் கொடுத்தேன். நாலு கட்டு, ரெண்டு உதிரி எடுத்து வெச்சா. "இதுலேருந்து 17 எனக்குக் கொடு"ன்னேன். ஒரு கட்டைக் கொடுத்தா. "இன்னும் ஏழு." ரெண்டு உதிரியைக் கையில எடுத்தா, என் மூஞ்சியைப் பார்த்தா, குச்சியைப் பார்த்தா. அப்புறம் ஒரு கட்டோட ரப்பரை உருவிட்டா. யாரும் சொல்லித்தரல. பன்னிரண்டுலேருந்து ஏழு எண்ணிக் கொடுத்துட்டு மிச்சத்தைப் பார்த்து "இருபத்தஞ்சு மிஸ்"ங்கிறா. நோட்ல கடன் வாங்குறதை எத்தனை தடவை போட்டுக் காட்டியிருப்பேன், அது எங்கேயோ வேற ஊர்ல நடக்கிற விஷயம் மாதிரிதான் பார்த்துட்டு இருந்தா.

நோட்ல அவ இன்னும் சில சமயம் 35 போடுறா, அதையும் ஒத்துக்கறேன். கோடும் புள்ளியும் போட வெச்சுப் பார்க்கிறேன்.

சாக்பீஸ்

ஒரு பிள்ளைக்குச் சரி டீச்சர். மூணு வகுப்பு ஒரே ரூம்ல இருக்கிறப்போ குச்சியைக் கொடுத்து வாங்குற நேரத்துக்கு என்ன பதில்?

வில்லியனூரான்

அதுக்குப் பதில் இருக்கு சார். பீரோல ஒரே குவியலா வெக்காதீங்க. ஜோடிக்கு ஒரு ஜிப் பை, பைக்கு ஒரு எண், உள்ளே ஒன்பது கட்டு, பதினெட்டு உதிரி. பிள்ளைங்களே எடுப்பாங்க. திருப்பி வெக்கும்போது பத்துப்பத்தா கட்டித்தான் வெக்கணும்னு விதி. கட்டுறதே எண்ணும் பயிற்சி. ஒரு கட்டு மெலிஞ்சிருந்தா தூரத்துலேருந்தே தெரியும். நீங்க எண்ணவே வேணாம்.

ரப்பர் பேண்ட் மட்டும் வாங்காதீங்க. நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு கோடை தாண்டாது, உருகி குச்சியோட ஒட்டிக்கும். ஃபேன்ஸி ஸ்டோர்ல துணி சுத்தின சின்ன ஹேர் பேண்ட் விக்கிறாங்களே, அதை ரெண்டு சுத்து சுத்தினா போதும்.

குச்சிக்குக் காசு போட வேணாம்னா புதுத் தென்னை விளக்குமாறு ஒண்ணு வாங்கி அவிழ்த்து ஒரே நீளமா நறுக்கலாம். நூத்துக்கணக்குல தேறும். ஆனா நுனி குத்தும், சிலாம்பு ஏறும். ஒண்ணாம் வகுப்புக்கு ஐஸ் குச்சியே நல்லது.

நோணாங்குப்பம் அம்மா (புதுச்சேரி)

டீச்சர்ங்க நடுவுல ஒரு அம்மா நுழையறேன். என் பையன் இங்கே ஒரு தனியார் பள்ளியில யுகேஜி. வாசல்ல "மாண்டிசோரி"ன்னு பெரிய போர்டு. அட்மிஷன் அன்னைக்குத் தங்கமணி, பிங்க் டவர்னு அந்த முறைச் சாமான் எல்லாம் கண்ணாடி அலமாரியில அடுக்கிக் காட்டினாங்க. பையன்கிட்ட கேட்டா "அது தொடக்கூடாதும்மா, விசிட்டர்ஸுக்கு"ங்கிறான். தினமும் ரெண்டு பக்கம் எழுதிட்டு வர்றான். உங்க ஐஸ் குச்சிப் பிள்ளைங்க கொடுத்து வெச்சவங்க.

பழைய பிஆர்டிஇ

அம்மா, அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள யாரிடமும் அனுமதி வாங்கத் தேவையில்லை என்பதால் வந்த வினை. மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னை அடையாறுக்கே வந்து பயிற்சி கொடுத்தவர். அவர் முறையில் அலமாரிக்குக் கதவே கிடையாது. குழந்தையின் கை எட்டும் உயரத்தில், திறந்த தட்டில் இருக்க வேண்டும். பள்ளி பார்க்கப் போகும் பெற்றோர் பொருள் இருக்கிறதா என்று பார்க்காமல், ஓரம் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

நேரு வீதிக் கடை (புதுச்சேரி)

நான் ஸ்டேஷனரி, பள்ளிச் சாமான் வியாபாரம். ஏஜென்ட்டை மட்டும் குறை சொல்றீங்களே, பெட்டி ஏன் அப்படி இருக்குன்னு சொல்றேன். வாங்குறவங்க கேட்கிற முதல் கேள்வி "எத்தனை ஐட்டம்?" 40 ஐட்டம்னா சந்தோஷம், 4 ஐட்டம்னா "இதுக்கா இவ்வளவு?" குச்சி ரெண்டாயிரம்னு பில் போட்டா கமிட்டியில சிரிப்பாங்கன்னு ஒரு தலைமையாசிரியரே என்கிட்ட சொல்லியிருக்கார். அதனால கம்பெனிக்காரன் ஐட்டத்தைக் கூட்டுறான், எண்ணிக்கையைக் குறைக்கிறான்.

மொத்தமா வேணும்னா பெட்டியைப் பிரிச்சே கேளுங்க, பத்துக்கட்டை மட்டும் 50 வேணும்னு கேட்டா பல கம்பெனி தருவான். பிளாஸ்டிக் விளையாட்டுச் சாமானா இருந்தா ஐஎஸ்ஐ முத்திரை பாருங்க. 2021 ஜனவரி 1லேருந்து 14 வயசுக்குள்ள பிள்ளைங்க விளையாடுற பொம்மைக்கு அது கட்டாயம். பதிவு பண்ண கைவினைக் கலைஞர்கள் செய்றதுக்கும் புவிசார் குறியீடு வாங்கின பொருளுக்கும் விலக்கு உண்டு. கிலோ கணக்குல விக்கிற மலிவு பிளாஸ்டிக் மோந்து பார்த்தாலே தெரியும், மண்ணெண்ணெய் வாடை அடிச்சா வெச்சுட்டு வந்துடுங்க.

தேவனாம்பட்டினம் (கடலூர்)

அங்கன்வாடிப் பணியாளர். பெரியவங்க லிஸ்ட் போடுற இடத்துல எச்சரிக்கை சொல்லத்தான் வந்தேன். "இயற்கைப் பொருள்"னு சொல்லிட்டு என்னென்னவோ கொண்டு வர்றாங்க.

குன்றிமணி கூடவே கூடாது. சிவப்பும் கருப்பும் அழகா இருக்கும், எண்ண வசதி, ஆனா உள்ளே இருக்கிறது கடும் விஷம். ஓட்டை போட்டுக் கோத்ததோ, கடிச்சு உடைஞ்சதோ இன்னும் ஆபத்து. ஆமணக்கு விதையும் அப்படித்தான். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை சும்மா கிடைக்குதுன்னு பச்சைக் கொட்டையை எண்ணக் கொடுக்காதீங்க, ஓட்டு எண்ணெய் பட்டா கை வெந்து தோல் உரியும். புளியங்கொட்டை நல்லது, காயவெச்சு மூடி போட்ட டப்பாவுல வெக்கலைன்னா வண்டு விழுந்துடும். கடற்கரைச் சிப்பி எடுத்தா விளிம்பு தேய்ஞ்சதா பொறுக்குங்க, நல்லா கழுவி வெயில்ல போடுங்க.

காந்த எழுத்துல பின்னாடி ஒட்டின சின்னக் காந்தம் கழண்டு வரும். ரெண்டு காந்தத்தை முழுங்கினா குடலுக்குள்ள ஒண்ணையொண்ணு இழுத்துக்கும், ஆபரேஷன் வரைக்கும் போயிடும். பட்டன் பேட்டரி போட்ட பாட்டுப் பொம்மையும் வேணாம். அஞ்சு வயசுப் பிள்ளை மணியை வாயில மட்டுமில்ல, மூக்குலயும் போடும்! பள்ளி வளாகத்துலயே அங்கன்வாடி இருந்தா தம்பி தங்கச்சிங்க உள்ளே வருவாங்க, அதையும் யோசிங்க.

கெடிலக்கரை

குன்றிமணி எங்க ரூம்ல இருக்கு. பல்லாங்குழிக்குன்னு ஒரு பாட்டி கொடுத்தது. நாளைக்கே எடுத்துடறேன் அக்கா, புண்ணியமாப் போகும்.

மொழிக்கு என்ன வாங்கலாம்? காந்த எழுத்துக்கு மாற்று?

பழைய பிஆர்டிஇ

அந்தக் காந்த எழுத்து 30 என்பதை மறுபடி பாருங்கள். உயிர் 12, மெய் 18. அதை வைத்து "அம்மா" என்று எழுதிப் பாருங்கள். அ வரும், ம் வரும், மா எங்கே? ஆங்கிலச் செட்டைப் பார்த்து அப்படியே தமிழுக்குச் செய்ததன் விளைவு. 26 வகை எழுத்து இருந்தால் ஆங்கிலத்தில் எந்தச் சொல்லையும் அடுக்கலாம், நமக்கு 216 உயிர்மெய்யும் வேண்டும்.

நீங்களே நழுவுசட்டை செய்யலாம். கெட்டி அட்டையில் ஒரு சன்னல் வெட்டி, அகர வரிசை 18 எழுத்தும் மேலிருந்து கீழாக எழுதிய பட்டையை அதற்குள் நுழைத்தால், க, ங, ச என்று ஒவ்வொன்றாக வரும். சன்னலுக்கு வலப்பக்கம் கால் வரைந்தால் கா, ஙா, சா. இடப்பக்கம் ஒற்றைக் கொம்பு வரைந்தால் கெ, இரட்டைக் கொம்பு என்றால் கே. இரண்டு பக்கமும் என்றால் கொ. ஒரே பட்டை, நாலைந்து சட்டை. உகர, ஊகார வரிசைக்கு இது உதவாது. கு, சு, டு, து ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம், அதற்குத் தனி அட்டை எழுதித்தான் ஆக வேண்டும். கடையில் விற்கும் சில உயிர்மெய்ச் சக்கரங்களில் அதையும் ஒரே அச்சில் போட்டு விட்டிருப்பார்கள், வாங்குமுன் அந்த வரிசையைச் சுழற்றிப் பாருங்கள்.

உப்புத்தாளில் வெட்டி ஒட்டி, விரலால் தடவிப் பழகும் எழுத்து ஒண்ணாம் வகுப்புக்கு நல்லது. தொடங்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள், இல்லையென்றால் கீழிருந்து மேலே இழுத்துப் பழகிவிடுவார்கள்.

புத்தகத்துக்குக் காசு போடாதீர்கள். வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலையில் அரசு கொடுத்த சிறு புத்தகங்கள் பள்ளியிலேயே இருக்கும். கட்டுப் பிரிக்காமல்கூட இருக்கலாம். போதாதென்றால் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம், அச்சடித்துக்கொள்ளலாம். புதிதாக எதையும் வாங்குமுன் பீரோவை ஒருமுறை முழுக்கக் காலி செய்து பாருங்கள்.

வில்லியனூரான்

உங்க தமிழ்நாட்டு "எண்ணும் எழுத்தும்" திட்டத்துல பொம்மலாட்டக் களம்னு இருக்கே, அதுக்கு எங்க பக்கம் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மை நல்லா இருக்கும். கனமில்லை, கீழே விழுந்தா உடையாது. எங்க ஊர் வில்லியனூர் சுடுமண்ணை விட்டுக்கொடுத்துப் பேசறேன், என்னைத் திட்டாதீங்க, வகுப்புக்குச் சுடுமண் சரிவராது. ரெண்டுமே புவிசார் குறியீடு வாங்கினது. வாயே திறக்காத பிள்ளை கையில ஒரு பொம்மைத் தலையை மாட்டிவிட்டா அதுவே பேசும்.

நெய்வேலி சார் (நெய்வேலி)

நாலு, அஞ்சாம் வகுப்பை மறந்துட்டீங்களே. அங்கே பொம்மைச் சாமான் வேணாம், நிஜச் சாமான் வாங்குங்க. பாத்திரக் கடையில முத்திரை குத்தின எடைக்கல் 50, 100, 200, 500 கிராம், ஒரு கைத்தராசு, லிட்டர், அரை லிட்டர் அளவை, தையல் டேப் நாலு. பாண்டி காந்தி வீதி சண்டே மார்க்கெட்ல பழைய தராசு கிடைக்கும். வெறும் தட்டு சமமா நிக்குதான்னு மட்டும் பார்க்காதீங்க. கல்லும் பொருளும் வெச்சு, தட்டு மாத்தி வெச்சும் பாருங்க, ரெண்டு தடவையும் ஒரே எடை காட்டணும்.

கடிகாரம் வாங்கினா பல்சக்கரம் உள்ளதா பாருங்க. பெரிய முள்ளைச் சுத்தினா சின்ன முள் தானா நகரணும். கேட்லாக்ல இருக்கிற மரக் கடிகாரத்துல ரெண்டு முள்ளும் தனித்தனியா சுத்தும். மூன்றரை மணிக்குச் சின்ன முள் மூணு மேலேயே நிக்கும். அதைப் பார்த்துப் பழகினவன் நிஜக் கடிகாரத்தைப் பார்த்துக் குழம்புவான்.

பின்னத்துக்குக் காசே வேணாம். ஒரே அளவு காகிதப் பட்டையை மடிச்சு மடிச்சு அரை, கால், அரைக்கால். மூணுல ஒண்ணு மடிக்கத் திணறுவாங்க, திணறட்டும். வடிவியலுக்கு, கழிவுப் பொருள்ல அறிவியல் பொம்மை செய்யக் கத்துக்கொடுக்கிற அரவிந்த் குப்தா (2018 பத்மஸ்ரீ) காட்டின தீக்குச்சி, சைக்கிள் வால்வு டியூப். மருந்து சுரண்டின குச்சியா இருக்கணும். முக்கோணம் அசையாது, சதுரம் சாயும், ஏன்னு அவங்களே கேட்பாங்க. அஞ்சாம் வகுப்புப் பசங்க பாலம் கட்ட ஆரம்பிச்சுடுவாங்க, மணி அடிச்சது கேட்காது.

சாக்பீஸ்

தராசு, எடைக்கல் எனக்கும் சம்மதம். சத்துணவு ரூம்ல காய் வந்ததும் எடை போடச் சொல்லலாம். குச்சி விஷயத்துல ஒரு பருவம் பார்த்துட்டுச் சொல்லுங்க டீச்சர். ரெண்டாம் பருவம் முடியறப்போ குச்சியில்லாம எத்தனை பேர் கழிக்கிறாங்கன்னு அதையும் சேர்த்துப் போடுங்க. நல்லது மட்டும் போடாதீங்க.

கெடிலக்கரை

போடறேன் சார்.

இப்போதைக்கு என் லிஸ்ட்: ஐஸ் குச்சி 1,500, ஹேர் பேண்ட், ஜிப் பை, கணிதமாலைக்கு மணி. கெட்டி அட்டை, லேமினேஷன், உப்புத்தாள். மூணாம் வகுப்புக்கு டீன்ஸ் ரெண்டு செட், கூடவே பத்துக்கட்டை மட்டும் தனியா 40. பல்சக்கரக் கடிகாரம் சின்னதா அஞ்சு. தராசு, எடைக்கல், அளவை, டேப். கைப்பாவை நாலு. மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி ஆறு, சுவர்ல ஒரு தட்டு. ஃபெஞ்சல் புயல் வெள்ளத்துல கீழ்த்தட்டுல இருந்ததெல்லாம் ஊறிப்போச்சு, அதனால பெட்டிக்குத் தாராளமா ஒதுக்கிட்டேன். பெட்டியும் தட்டும் பொருள்ல சேராதுன்னு யாராவது சொன்னா சண்டை போடுவேன். எல்லாம் போகக் கொஞ்சம் மிச்சம் வருது, தொலைஞ்சதை ஈடுகட்ட வெச்சுக்கறேன்.

உலக உருண்டை லிஸ்ட்ல இல்லைன்னதும் ஹெச்.எம். முகம் வாடிடுச்சு. ஒண்ணு சேர்த்துட்டேன், பரவாயில்ல.

ரெண்டு சிக்கல். அவருக்கு ஒரே பில் வேணும். அப்புறம், "1,500 குச்சியை ஸ்டாக் ரெஜிஸ்டர்ல ஏத்தினா, ஆடிட்ல 1,500ம் இருக்கணுமே, யார் பொறுப்பு?"ங்கிறார்.

நேரு வீதிக் கடை

தராசு, எடைக்கல் தவிர மத்தது எல்லாம் ஒரே கடையில கேட்டா ஜிஎஸ்டி பில் ஒண்ணா போட்டுத் தருவாங்க. கடலூர்லயே மஞ்சக்குப்பத்துல விசாரிங்க, பாண்டிக்கு வர வேண்டியதில்ல. எடைக்கல் பாத்திரக் கடை பில் தனி, ஆக ரெண்டு பில். அதுக்குக் கம்மியா ஆகாது.

பழைய பிஆர்டிஇ

ரெஜிஸ்டர் விஷயம் முக்கியம். பள்ளிகளில் டிஎல்எம் பூட்டிக் கிடப்பதற்குச் சோம்பல் காரணமில்லை, பெரும்பாலும் இந்தப் பயம்தான். தொலைந்தால் கைக்காசு போட வேண்டுமே என்று பூட்டி வைக்கிறார்கள். தலைமையாசிரியரிடம் இப்படிச் சொல்லுங்கள்: தராசு, எடைக்கல், கடிகாரம், டீன்ஸ், உருண்டை, பெட்டி நிலையான பொருள் பதிவேட்டில். குச்சி, பேண்ட், ஜிப் பை, அட்டை, உப்புத்தாள், மணி எல்லாம் நுகர்வுப் பொருள் பதிவேட்டில், வாங்கிய அன்றே வகுப்புக்கு வழங்கியதாக எழுதி உங்கள் கையெழுத்து. எஸ்எம்சி தீர்மானத்திலும் "மாணவர் அன்றாடப் பயன்பாட்டுக்கான நுகர்வுப் பொருட்கள்" என்ற சொற்றொடர் இருக்கட்டும். சாக்பீஸ் டப்பாவை ஆடிட்டில் யாரும் எண்ணுவதில்லையே.

கெடிலக்கரை

சாக்பீஸ் டப்பா உதாரணத்துக்கு ஹெச்.எம். சிரிச்சுட்டார். தீர்மானம் எழுதியாச்சு. கைப்பாவைக்குத் திருக்கனூர்ல யாரைக் கேட்கணும்னு வில்லியனூரான் சார் தனிச்செய்தியில சொன்னா உதவியா இருக்கும்.